கை பிரேக்

அன்புள்ள சுப்பு,

முழங்கால் வலி தேவலையா? மான்ட்ரியலில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பேத்தி என்னை விடுவதே இல்லை.

போன சனிக்கிழமை மருமகனை அழைத்துக்கொண்டு லாக்-மெகான்டிக் போய்வந்தேன். கிழக்கே காரில் மூன்று மணி நேரம். ஏரிக்கரை ஊர், நடுவில் தண்டவாளம். 2013-ல் எண்ணெய் ரயில் கவிழ்ந்து எரிந்தது இங்கேதான். அங்கே நிற்கும்போது உன் ஞாபகம்தான்.

கனடியன் பசிபிக் 1880-களில் போட்ட லைன் அது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைக் குறுக்கே கடந்து கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஜான் துறைமுகம் வரைக்கும் போகிறது. வரும்படி போதவில்லை என்று தொண்ணூறுகளின் நடுவில் கைகழுவிவிட்டார்கள். இந்தப் பக்கத்தை அயர்ன் ரோடு என்ற கம்பெனி வாங்கியது. உருளைக்கிழங்கும் காகிதமும் ஏற்றியே வாழ்ந்த பேங்கர் அண்ட் அருஸ்டுக் ரயில்வேயும் 1995-ல் அதன் கைக்கே போனது. சில வருஷத்தில் திவால். 2003-ல் எட் பர்க்கார்ட் என்பவரின் கம்பெனி எடுத்து, 'மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக்' என்று பெயர் வைத்தது. காகித ஆலைகள் மூட மூட, செலவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் வண்டிக்கு ஒரே ஆள். கார்டும் இல்லை, அசிஸ்டென்ட்டும் இல்லை.

2013 ஜூலை 5 ராத்திரி, 72 டேங்கர் கச்சா எண்ணெயை மேட்டில் நான்ட் என்ற ஊரில் நிறுத்திவிட்டு டிரைவர் தூங்கப் போனார். ஒவ்வொரு வண்டியிலும் கையால் முறுக்கிப் போடும் பிரேக் உண்டே, அதில் அவர் போட்டது ஏழு. குறைந்தது 17 வேண்டும் என்று பின்னால் விசாரணையில் சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் லோகோ எஞ்சினின் காற்று பிரேக்கை எடுக்காமலே சோதித்திருக்கிறார். அதுவும் சேர்ந்து பிடித்ததால், கை பிரேக் மட்டும் போதுமா என்று தெரியவில்லை. அப்புறம் முன் லோகோவில் தீ. அணைக்க வந்தவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நடுராத்திரிக்கு மேல் வண்டி தானாக உருண்டு, லாக்-மெகான்டிக் ஊருக்குள் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் போய்விட்டார்கள்.

நாம் ஒரு கூட்ஸ் வண்டியை நிறுத்தினால் நான் பின்னாலிருந்து பிரேக்கை முறுக்கிக்கொண்டு வருவேன், நீ முன்னாலிருந்து வருவாய். நடுவில் சந்தித்து எத்தனை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அந்த ராத்திரி அவருக்கு எண்ணிக்கை சொல்ல ஆள் இல்லையடா. அவரையும் கம்பெனியின் வேறு இருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 2018-ல் ஜூரி மூவரையும் விடுவித்தது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரு ஆள் போதும் என்று முடிவு செய்தது அவர்கள் இல்லையே.

விபத்து நடந்த அடுத்த மாதமே கம்பெனி திவால். 2014-ல் ஃபோர்ட்ரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, 'சென்ட்ரல் மெய்ன் அண்ட் கியூபெக்' என்று பெயர் மாற்றி, தண்டவாளத்தைச் சீர்செய்தது. 2020-ல் அதை விலை கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? அதே கனடியன் பசிபிக்! துறைமுகத்துக்கு வழி வேண்டுமாம். வேண்டாம் என்று விட்டுப்போய் இருபத்தைந்து வருஷம் கழித்து வந்திருக்கிறார்கள். இடையில் நடந்ததை ஊர்க்காரர்கள்தான் சுமந்தார்கள். ஊருக்கு வெளியே மாற்றுப்பாதை போடுவதாக 2018-ல் அரசாங்கம் அறிவித்தது. நான் நின்றபோதும் ஒரு கூட்ஸ் ஊர் நடுவாகத்தான் போனது. மெதுவாகப் போனது. கடைசி வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், கை தானாகக் கொடிக்காகத் தேடியது.

செப்டம்பரில் ஜோலார்பேட்டை வந்துவிடுவேன். தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். மாத்திரையை நிறுத்தாதே.

உன்
ராமு