கதையாட்ட நூல் வேலையும் கூலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மேசையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்த்து ஆடும் கதையாட்டங்களின் விதிநூல்களை வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காகச் செப்பனிடும் வேலையைத் தோட்டப்புற வீட்டிலிருந்தே செய்யலாம். பெற்றோர் இதை விளையாட்டு என்றே நினைக்கிறார்கள்.

எழுத்தாளர்களுக்குச் சொல் அளவு பிரித்துக் கொடுப்பது, முதல் வரைவில் குறிப்பெழுதித் திருப்புவது, இரண்டாம் வரைவை விதிகளோடு ஒத்துப்பார்ப்பது: இதுதான் வேலை. 5,000 சொல் கேட்டால் 7,000 வரும். அச்சில் தாள்கள் பெரும்பாலும் 16 பக்க மடிப்புகளாகச் சேர்வதால் மிஞ்சியதை வெட்டியே ஆகவேண்டும். கதைப்பகுதியை வெட்டுவது எளிது. விதியில் ஓர் எண்ணைத் திருத்தினாலோ, பின்னிணைப்பு அட்டவணையில் பழைய எண்ணே கிடக்கும்; நூல் முழுக்கத் தேடித் திருத்த வேண்டும். நூலை வைத்து ஆடிப்பார்க்கும் சோதனை ஆட்டத்தில் எழுதியவர் உட்காரவே கூடாது. அவர் வாயால் விளக்கிவிட்டால் நூலின் ஓட்டை தெரியாது.

கூலி பெரும்பாலும் சொல் கணக்கில். உரிமை பதிப்பகத்துக்கே போகும். ஒப்பந்தத்தில் ‘நூல் வெளியான பின் பணம்’ என்றிருந்தால் ‘ஒப்படைத்த 30 நாளில்’ என்று மாற்றக் கேளுங்கள். அச்சு தள்ளிப்போனால் கூலியும் தள்ளிப்போகும்.

சொந்தமாக நூல் போட விரும்புவோருக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற கதையாட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1, 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் கிடைக்கிறது. அதை வைத்து எழுதிய நூலை, மூலத்தைக் குறிப்பிட்டு விற்கலாம். இப்படிச் சொந்தத் தொழிலாகச் சம்பாதிப்பவருக்கு வருமான வரிக்குப் பாரம் ‘பி’. சம்பளக்காரர்களின் ‘பிஇ’ அல்ல.

இப்படிக்கு,
கதையாட்ட நூல் பணியாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.