மோட்டாரை நிறுத்தச் சொன்ன அப்பத்தாவுக்கு

பாம்பன் கரையிலிருந்து எல்லாருக்கும் வணக்கம்.

கடல் புகுந்த கிணறுகளில் முதல் கிணறு இன்று காலை தேறிவிட்டது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர், லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் குடிக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் விடுகிற கடைசி எல்லை அது. லேசாகக் கரிக்கிறது, ஆனால் விழுங்க முடிகிறது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்ற அப்பத்தாவுக்கு. "ஏப்பா, மோட்டாரை அமத்துங்க. அடியில கெடக்குற உப்பை நீங்களே கூப்புடுறீங்க" என்றார். தண்ணீர் நல்லதாகும் வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம்.

அவர் சொன்னதே சரி. நம் மணலுக்கு அடியில் உப்புநீர் இருக்கிறது. மழைநீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பை அது அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. அந்த ஓரடியை மோட்டார் உறிஞ்சிவிட்டால் உப்பு மேலேறி வரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையிலும் திரும்பத் திரும்ப இறைத்துப் பலனில்லை. கிணறுகளைக் கழுவியது மழைதான்.

மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்பதால் அவர் காட்டிய முறையைச் சொல்லிவிடுகிறோம். குப்பை, சேறு அள்ளிவிட்டு, நிற்கிற தண்ணீரை ஒரே ஒரு தடவை, மெதுவாக இறைக்க வேண்டும். மூன்றேகால் அடி விட்ட உறைகிணற்றில் ஐந்தடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1,200 லிட்டர், அதற்குமேல் வேண்டாம். இறைத்ததைப் பக்கத்திலேயே கொட்டினால் அதே உப்பு மணல் வழியாகக் கிணற்றுக்குத் திரும்பிவிடும், தூரமாக வாய்க்கால் வெட்டி விடுங்கள். பிறகு மழைக்குக் காத்திருப்பதுதான் வேலை. அந்த இடைவெளியில் குடிக்க, மேட்டு மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருகிற மேல்நீரை மட்டும் கொட்டாங்குச்சியால் அள்ள வேண்டும். வாளியை முக்கினால் கலங்கி உப்பும் சேர்ந்து வரும்.

பிளீச்சிங் பவுடர் அளந்து கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள், டீசல் பம்பு தந்த படகுக்காரர்கள், ஒரே அடுப்பில் சமைத்த பள்ளிவாசல், தேவாலயப் பிள்ளைகள், வெளிமாவட்டத்திலிருந்து வந்து கம்பம் நட்ட மின் ஊழியர்கள், தண்ணீர் லாரி அண்ணன்மார், எல்லாருக்கும் நன்றி. பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றச் சொன்ன அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகாமல் காத்தவர் அவர்.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்ததைத் தீவில் இன்றும் பெருமையாகச் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தனுஷ்கோடி மணலில் திரும்பவும் குடிசை போட்டவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஊற்றுத் தோண்டி அள்ளிக் குடித்தார்கள். அந்தக் கைப்பழக்கம் பெண்களிடம் தங்கியிருந்தது. குழாய் வந்ததும் நாம் அதை மறந்தோம், அப்பத்தா மறக்கவில்லை.

இனி வருசா வருசம் புரட்டாசி முடிவதற்குள் ஊருணியைத் தூர்வாருவோம். ஊற்று எடுக்கிற மேட்டில் மணல் அள்ளவோ கட்டடம் எழுப்பவோ விடமாட்டோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஊற்றுத் தோண்டச் சொல்லிக்கொடுக்க அப்பத்தா சம்மதித்திருக்கிறார். வருகிற ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன். கொட்டாங்குச்சியோடு வாருங்கள்.