நெய்தல் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் 2024இல் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு அமைப்பு வந்தபோது, குழுக்களுக்கு ஐந்திணைகளின் பெயர் வைத்தார்கள். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பென்னாகரம் பக்கத்தில் குறிஞ்சிக்கு மலை உண்டு, முல்லைக்குக் காடு உண்டு, பாலைக்குச் சித்திரை வெயிலே போதும். நெய்தலுக்குத்தான் கடல் இல்லை. "ஒகேனக்கல் இருக்கிறதே டீச்சர்" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வழக்கைத் தீர்த்து வைத்தாள். அதையே பிடித்துக்கொண்டு, இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்குக் குடிநீரைப் பொருளாக எடுத்தோம்.

நம் மாவட்டத்துப் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது; காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை நிலைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் அளவு மீறிக் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இதையெல்லாம் பிள்ளைகள் அட்டையில் அழகாக எழுதி மாட்டினார்கள். அட்டையை யார் நின்று படிக்கிறார்கள்?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி வந்து, அட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "வெற்றிலைக் கறை என்று நினைத்துவிடாதீர்கள், நான் வெற்றிலையே போடுவதில்லை. எங்கள் ஊர்க் கிணறு கொடுத்த சீர் இது" என்று பல்லைக் காட்டினார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயைத் திறந்து சிரித்துவிடாதே என்று வீட்டில் எச்சரித்து வைத்திருந்ததையும் சொன்னார். பக்கத்து அரங்கின் எரிமலை மாதிரியை விட்டுவிட்டுக் கூட்டம் இங்கே திரண்டது. பாட்டி, முதல் நன்றி உங்களுக்கு.

ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு அடுத்த நன்றி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது, ஜப்பான் கடனுதவியில் வந்தது என்பதெல்லாம் நாங்களே எழுதிவிட்டோம். எந்தக் குழாயில் ஆற்று நீர், எந்தக் குழாயில் போர்வெல் நீர் என்று பிள்ளைகளைத் தெருத்தெருவாக அழைத்துப்போய்க் காட்டியவர் அவர். அடுப்படியில் எந்தக் குடத்து நீரை உலையில் வைப்பது என்று இப்போது பிள்ளைகள் அம்மாக்களுக்குச் சொல்கிறார்களாம். சில வீடுகளில் அது சண்டையாகவும் ஆகியிருக்கிறது. அந்த அம்மாக்களின் பொறுமைக்கும் நன்றி.

விளையாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கோ-கோவில் குறிஞ்சியிடம் தோற்றோம், நியாயமாகவே தோற்றோம். ஆனால் பயிற்சி நடந்தது புளி உலுக்கும் மாதங்களில். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருக்க, புளி உடைத்துக் கொட்டை எடுக்க வீட்டில் இருக்கும் கைகளில் பாதி பிள்ளைகளுடையவை. அந்தக் கைகளை மாலையில் மைதானத்துக்கு விட்டுக்கொடுத்த தாத்தா பாட்டிகளுக்கு, குழுப் புள்ளிப் பட்டியலில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. பட்டியல் போட்டவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

மைதானத்தைச் சமன் செய்ய டிராக்டர் தந்து, டீசல் காசும் வாங்காத பெற்றோருக்கும், பயிற்சி முடிந்து ஓடிவரும் பிள்ளைகளுக்காக மாலை டவுன் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைத்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் எங்கள் நன்றி. கொடி தைத்துத் தந்த அக்காவுக்கு நன்றியோடு ஒரு விண்ணப்பமும் உண்டு: ஆடிக் காற்றில் ஓரம் கிழிந்துவிட்டது, ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒரு தையல் போட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
நெய்தல் குழுப் பொறுப்பாசிரியையும் மாணவர்களும்