வீட்டைப் பங்கு போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துப் பிரபுக்களின் பரம்பரைச் சொத்துகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செட்டிநாட்டுக் கண்டனூரில் நான் பிறந்த வீட்டுக்குப் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கும் நேரம் இது. அதனால் எழுதுகிறேன்.

பட்டமும் நிலமும் மாளிகையும் மூத்த மகனுக்கே என்ற அவர்கள் வழக்கம் எனக்கு ஒப்பாது. பெண்ணாய்ப் பிறந்தவளும் இளையவனும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற முறை அது. நம் பக்கம் கல்யாணமானதும் ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பெண்மக்களுக்கும் சமபங்கு. நியாயம்தான். ஆனால் தலைமுறைதோறும் பங்கு பெருகி, ஓடு மாற்றக்கூட ஒருவரும் பணம் போடாமல், கடைசியில் "விற்றுப் பிரித்துக்கொள்வோம்" என்று முடிகிறது.

எங்கள் தெருவிலேயே ஒரு வீடு அப்படிப் போனது. கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலையை முதலில் பெயர்த்தார்கள். பர்மா தேக்குத் தூண்களுக்குச் சுண்ணக்கட்டியால் எண் போட்டு லாரியில் ஏற்றினார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் கடப்பாரையால் நெம்பியதில் பாதிக்குமேல் நொறுங்கிப் போயிற்று. சாமி அறைக் கதவைப் பிறகு காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடை வாசலில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வைத்த குங்குமப் பொட்டு அதில் அழியாமல் இருந்தது. வயிறு எரிந்தது.

டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கும் இந்தக் கதி வந்திருக்க வேண்டியது. டெவன்ஷயர் பிரபுக்களான கேவண்டிஷ் குடும்பத்து வீடு அது. மூத்த மகன் 1944-இல் போரில் இறந்தான். பத்தாவது பிரபு சொத்தை இளைய மகன் பேருக்கு மாற்றினார். மாற்றிய பின் ஐந்தாண்டு உயிரோடு இருந்தால், இறந்தவர் சொத்து மீது போடும் மரண வரி அப்போது கிடையாது. கெடு முடியச் சில வாரங்களே இருக்கையில், 1950 நவம்பரில், அவர் கண்மூடினார். வரி 80 சதவீதம்! நிலங்களை விற்றார்கள், ரெம்பிராண்ட் ஓவியம் போயிற்று, ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையையே அரசிடம் ஒப்படைத்தார்கள். கடன் தீரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் சாட்ஸ்வொர்த்தை உடைக்கவில்லை. 1981-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, நீண்டகாலக் குத்தகையாக வீட்டை அதன் பொறுப்பில் விட்டார்கள். மக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கிறார்கள். குடும்பத்தாரும் தாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு வாடகை கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் அதே போன்ற எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். எந்த வரியும் நெருக்காமலே, நாமாக வீட்டைப் பெயர்த்து எடைக்குப் போடுகிறோம்.

நிலத்தையும் ரொக்கத்தையும் தாராளமாகப் பிரித்துக்கொள்ளட்டும். வீட்டை மட்டும் பங்காளிகள் சேர்ந்து அறக்கட்டளைக்கு எழுதிவைக்கலாம். முன்னோருக்குச் செய்யும் படைப்பும் கல்யாணமும் எல்லோருக்கும் அங்கேயே நடக்கும். மற்ற நாட்களில் வெளியூர்க்காரர்கள் தங்கினால் மராமத்துக்குப் பணம் வரும். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையில் அரசு சலுகை தருகிறது. பழைய வீட்டை இப்படிக் காப்பாற்ற எழுதும் பத்திரத்துக்கும் அதே சலுகையைத் தர வேண்டும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றுவிட்டன. வீடுகள் நின்றால்தானே அடுத்த படி?

என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அறக்கட்டளைப் பத்திரம் என்றால் ஒரு ரூபாய்கூட வாங்காமல் போட்டுத் தருகிறேன் என்று அண்ணன்மாரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, கண்டனூர்