வால்பாறைக்கு வண்டி ஏறும் உங்களுக்கு

வணக்கம். ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறீர்கள். வாருங்கள், சந்தோஷம். நீங்கள் வந்தால்தான் இங்கே டீக்கடையும் விடுதியும் ஓடும். வராதீர்கள் என்று சொல்ல இந்த மடல் இல்லை. தின்பண்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போன மாதம் புதுத்தோட்டம் பக்கம் பைக்கை ஓரங்கட்டி நின்றிருந்தேன். ரோட்டோரம் ஒரு சிங்கவால் குரங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி. ஒரு காரின் கண்ணாடி இறங்கி, சிப்ஸ் பாக்கெட் வெளியே வந்தது. தாய்க்குரங்கு பல்லால் கவரைக் கிழித்துக் கவிழ்த்து, உப்புத் தூளைக்கூட விடாமல் நக்கியது. அப்புறம் அடுத்த காரைப் பார்த்து ஓடியது. எதிரே லாரி. டிரைவர் பிரேக்கை மிதித்ததால் இரண்டும் பிழைத்தன. காரில் இருந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. பாவம், பாசத்தில் போட்டதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இந்தக் குரங்கு கிடையாது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்கிற இனம். முள்ளு முள்ளாக இருக்கும் வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையை எடுத்துத் தின்னத் தெரிந்தது. தேயிலைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் காட்டை வெட்டினார்கள். மிச்சமான சோலைகள் தீவு தீவாக நிற்கின்றன, குறுக்கே ரோடு. இவை கீழே இறங்காமல் கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் பாலமே கட்டிவிட்டிருக்கிறார்கள். மேலே பாலம், கீழே சிப்ஸ். எது ஜெயிக்கும், சொல்லுங்கள்?

ஒன்பதாவது வளைவில் நிற்கும் வரையாட்டுக்கும் இதேதான். நம் மாநில விலங்கு அது. புல் மேயட்டும், பிஸ்கட் வேண்டாம். இன்னொன்று, ராத்திரி தோட்டத்து ரோட்டில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, வந்ததற்கு என்னதான் பார்ப்பது? விடிந்ததும் பழுத்த அத்திமரம் ஒன்றின் கீழ் சும்மா நில்லுங்கள். இருவாச்சிப் பறவை வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும். இறக்கைச் சத்தம் பழைய ரயில் எஞ்சின் மாதிரி 'புஸ் புஸ்' என்று நெருங்கும். இப்போது எந்த மரம் பழுத்திருக்கிறது என்று டீக்கடையில் கேளுங்கள், கை காட்டுவார்கள்.

இப்படிக்கு,
வால்பாறைக்காரன் ஒருவன்