2012-லேயே நின்றுபோன ஓய்வூதியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் மாதத்தில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று தங்கள் நாளிதழில் படித்தேன். 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் போட்ட அந்தக் கணக்கில் அதுவரை வந்ததிலேயே அதுதான் குறைவாம். அன்று காலை நான் வேலை பார்க்கும் மளிகைக் கடைக்கு வந்த ஒரு தம்பி, "அப்புறமென்னங்க, வெலையெல்லாம் எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டார். செய்தியைப் படித்த பலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

காய்கறி விலை இறங்கியது உண்மை. 2024 அக்டோபரில் அது அதற்கு முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் ஏறிக் கிடந்தது. அந்த உயரத்திலிருந்து இறங்கியதால் மொத்தக் கணக்கும் சேர்ந்து இறங்கியது. ஆனால் மருந்து, பள்ளிக் கட்டணம், வாடகை எதுவும் இறங்கவில்லை. ஏற்கெனவே ஏறிய விலையின் மேல் இன்னும் கொஞ்சம் ஏறின. சமையல் எண்ணெய் விலை அந்த மாதமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். இதைச் செய்தியோடு சேர்த்து ஒரு வரி போட்டிருந்தால் அந்தத் தம்பி அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

நான் கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் 1984 முதல் வேலை பார்த்து, 2012-ல் 58 வயதில் ஓய்வு பெற்றவன். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-ன்படி எனக்கு மாதம் 1,840 ரூபாய் வருகிறது. 2012-லும் 1,840. இன்றும் 1,840. அரசு விலைவாசியை அளப்பதற்கு 100 என்று வைத்துக்கொண்ட ஆண்டும் அதே 2012தான். அந்த 100, 2025 அக்டோபரில் 200-ஐ நெருங்கிவிட்டது. அரசே போட்ட கணக்கின்படி என் ஓய்வூதியத்தின் மதிப்பு பாதியாகிவிட்டது. இதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் சமையல் எரிவாயுவையே பாருங்கள். நான் ஓய்வு பெற்றபோது மானியத்தோடு ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 400 ரூபாய். அன்றைய ஓய்வூதியத்தில் நான்கு வாங்கலாம். 2025-ல் கொண்டுவந்து போடுபவருக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் 900 ரூபாய் ஆகிவிட்டது. இரண்டு வாங்கினால் அந்த மாதத்து ஓய்வூதியம் தீர்ந்தது.

பி.எஃப். பணம் மகள் கல்யாணத்துக்கும் இரண்டு அறை வீட்டுக்கும் சரியாகப் போய்விட்டது. மகன் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் வாடகை, இரண்டு பிள்ளைகள். முடிந்ததைக் கொடுக்கிறான். நான் காலையில் தெரிந்தவர் மளிகைக் கடையில் எடை போட்டுக் கொடுக்கிறேன். அங்கே நின்று பார்த்தால்தான் விலைவாசி மனிதரை என்ன செய்கிறது என்பது புரியும். அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கால் கிலோ கேட்கிறார்கள். கடலை எண்ணெய் லிட்டர் கணக்கில் வாங்கிய வீடுகள் பாமாயிலுக்குப் போய்விட்டன. தேங்காய் எண்ணெய் 2025-ல் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. பக்கத்திலேயே பொள்ளாச்சி, அங்கேயே வாடல் நோயும் வெள்ளை ஈயும் மரங்களை வதைக்கும்போது விலை எப்படி இறங்கும்? 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் சில்லறையில் எடை போட்டு விற்கும் அரிசி பருப்புக்கு முன்பும் வரியில்லை. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் 5 சதவீத வரி அப்படியே இருக்கிறது. ஏழை வீட்டில் பணம் போவது இவற்றுக்குத்தான்.

எங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறோம் என்று சொல்கிறேன். ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த மூன்றும் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் எங்களைப் போன்ற குடும்பம் மாதக் கடைசியைப் பார்க்க முடியாது. அந்தப் பருப்பும் தீர்ந்ததும் கொள்ளுக்கு மாறிவிடுவோம். கொள்ளை இரவே ஊற வைத்தால் வேகமாக வெந்துவிடும், எரிவாயு மிச்சம். வாரத்தில் பாதி நாள் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே குக்கரில் சாதம். தனியாகக் குழம்பு வைப்பதில்லை. சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு முன்பெல்லாம் நான்தான் போவேன். இப்போது மனைவி போகிறார், ஏனென்றால் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. முட்டிவலியோடு அவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. பால் கணக்கு அதில்தான் ஓடுகிறது. வைத்தியத்துக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. ஓய்வு பெற்ற தொழிலாளி வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவரும் சிகிச்சை பெறலாம். இந்த விவரம் தெரியாமல் தனியார் மருத்துவமனைகளில் பணத்தைக் கொட்டும் பழைய மில் தொழிலாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குறைந்தது ஐந்து வருடமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றிருந்தால் தவறாமல் விசாரித்துப் பாருங்கள் என்று உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இவ்வளவு உதவி இருக்கும்போது பிறகு என்ன குறை என்று கேட்கலாம். உதவியெல்லாம் உதவிதான். ஓய்வூதியம் உழைத்ததற்கு வரவேண்டிய பணம். நிர்வாகம் எனக்காகக் கட்டிய பங்கில் சம்பளத்தின் 8.33 சதவீதம் மாதாமாதம் இந்தத் திட்டத்துக்குத்தான் போனது.

வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்குப் பஞ்சப்படி உண்டு. விலைவாசிக் குறியீடு ஏறினால் ஒரு புள்ளிக்கு இவ்வளவு பைசா என்று படியும் ஏறும். சங்கங்கள் போராடி வாங்கித் தந்த உரிமை அது. ஓய்வு பெற்ற அன்றோடு அது போய்விட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் அவர்களில் ஓய்வு பெற்றோருக்கும் வருடத்தில் இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அகவிலைப்படி என்ற பெயரில் இதே படி திருத்தப்படுகிறது. 2025 ஜூலை முதல் அது 58 சதவீதம் ஆனது. அவர்கள் வாங்குவதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. என் ஆதங்கம் வேறு. அந்தப் படியை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து. கோவை போன்ற தொழில் நகரங்களில், எங்களைப் போன்றவர்கள் வாங்கும் கடைகளில் விலை எடுத்துத்தான் அந்தக் குறியீடு தயாராகிறது. தொழிலாளியின் பெயரில், தொழிலாளி கொடுக்கும் விலையில் உருவான குறியீடு நாட்டில் எத்தனையோ பேரின் ஓய்வூதியத்தை உயர்த்துகிறது. அந்தத் தொழிலாளியின் ஓய்வூதியம் மட்டும் அசையாமல் கிடக்கிறது.

இந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டே, பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 3,000 ரூபாய் தரச் சொல்லியிருந்தது. இன்று ஓய்வூதியர் அமைப்புகள் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்கின்றன. 2023-ல் தமிழக அரசு முதியோர் உதவித்தொகையையே 1,000-லிருந்து 1,200 ஆக்கிவிட்டது. காலமெல்லாம் பெயரில் சந்தா கட்டப்பட்டவர்களுக்கான குறைந்தபட்சம் 1,000-லேயே நிற்கிறது.

நிதியில் பற்றாக்குறை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்கிறார்கள். இருக்கலாம். மத்திய அரசு இந்தத் திட்டத்துக்குத் தருவது சம்பளத்தில் 1.16 சதவீதம்தான், அதைக் கூட்டுவது பற்றி ஏன் பேசுவதில்லை? 7,500 ரூபாயை ஒரே நாளில் தர முடியாதென்றால், முதலில் குறியீட்டோடு இணைத்துவிடட்டும். விலை ஏறினால் ஏறட்டும், ஏறாத மாதத்தில் சும்மா இருக்கட்டும். பணவீக்கம் கால் சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று அரசே சொன்ன நேரத்தைவிட அதற்குச் செலவு குறைவான நேரம் வேறு இல்லை.

எனக்கு 71 வயது. எனக்குப் பிறகு என் மனைவிக்கு இதில் பாதி, அதாவது 920 ரூபாய் வரும். குறைந்தபட்சம் 1,000 என்று விதி இருப்பதால் 1,000 ஆக்கித் தருவார்கள். அதில் அப்போது ஒரு சிலிண்டராவது வாங்க முடியுமா என்று தெரியவில்லை.

அடுத்த முறை பணவீக்கச் செய்தி வெளியிடும்போது பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். அதில் அந்த மாதத்து விலைக் குறியீடும், பஞ்சாலைத் தொழிலாளியின் ஓய்வூதியமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.