கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாள்

ஸ்காபரோ,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

நீ ஒரு பிக்கப் வாங்கப் போவதையும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆம்ஸ்ட்ரோங்கில் ஒருவர் விற்கும் பழைய பிக்ஃபூட் காம்பரை, அதாவது பிக்கப்பின் முதுகில் ஏற்றிச் செல்லும் குடியிருப்புக் கூட்டை, பேசி வைத்திருப்பதையும் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். இந்த நாட்டில் பாரவண்டி ஓட்டியே உங்களைப் படிப்பித்த தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனாலும், முதலில் காம்பரைத் தெரிவு செய்து, அதற்கேற்ற வண்டியைப் பிறகு தேடுகிறாய் என்று அவன் சொன்னபோது, பலருக்கு வராத புத்தி உனக்கு வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியிழையில் வார்த்த மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் பொருத்திச் செய்யும் அந்த உடலில் மூட்டுகள் குறைவு. மழை நீர் உள்ளே போக வழியும் குறைவு. காம்பரில் நான் குறை சொல்ல மாட்டேன்.

வண்டியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி அனுப்பிய படத்தில் இருப்பது டீசல் எஞ்சின் பூட்டிய ராம் 2500, நான்கு கதவு, சாமான் ஏற்றும் பின் பெட்டி குட்டை. பார்க்க மலை போல நிற்கிறது. விளம்பரத்திலும் அது எத்தனை ஆயிரம் இறாத்தலை இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நீ இழுக்கப் போவதில்லை, சுமக்கப் போகிறாய். சுமக்கும் அளவு விளம்பரத்தில் இராது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேற்படக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கு உரிய அளவு அதில் இருக்கும். அந்த வகை வண்டிக்கு அனுமதித்த மொத்த நிறை பெரும்பாலும் 10,000 இறாத்தல். டீசல் எஞ்சினும் நான்கு கதவும் நாலு சில்லு இழுவையும் அதில் பெரும்பகுதியைத் தாமே தின்றுவிடுவதால், உனக்கு மிஞ்சுவது பொதுவாக 2,500 இறாத்தலுக்குள் அடங்கிவிடும்.

இனி என் கணக்கைப் பார். விற்பவர் காம்பரின் நிறை 2,600 இறாத்தல் என்கிறார். அது தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வெளிவந்த நாளின் நிறை. தண்ணீர் 140 லீற்றர் நிரப்பினால் 310 இறாத்தல் கூடும். எரிவாயு உருளைகள் இரண்டு, பற்றரிகள் இரண்டு, கட்டிப் பிடிக்கும் இரும்புகள், சமையல் சாமான், குளிருடுப்பு, கருவிப் பெட்டி என்று எழுதிக்கொண்டு போனால் இன்னும் 800 இறாத்தல் வரை ஏறுகிறது. ஆட்களுக்கு 320 போட்டிருக்கிறேன். மொத்தம் 4,000ஐத் தாண்டுகிறது.

ஆட்களுக்கு 320 என்பது இரண்டு பேர் என்ற எண்ணத்தில் போட்டது. அது சரியோ எனக்குத் தெரியாது. நத்தாருக்கு நீ தனியே வந்து போனதிலிருந்து எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், நானும் கேட்கவில்லை. கணக்குக்காக மட்டுமே எழுதுகிறேன். நான்கு கதவுக் கபினை விட இரண்டு கதவுக் கபின் நிறை குறைந்தது, அந்தக் குறைவு முழுவதும் சுமக்கும் அளவில் உனக்குக் கிடைக்கும். ஆனால் பின் இருக்கையில் யாரும் இருக்கப் போகிறார்களா என்று தெரியாமல் அதை வாங்கு என்றும் சொல்ல முடியவில்லை.

பின் வில்லுகளுக்குத் துணையாகக் காற்றுப் பைகளைப் பூட்டினால் போதும் என்று வியாபாரி சொன்னாராம். காற்றுப் பை வண்டியின் பின்புறத்தை நிமிர்த்தும், ஆட்டத்தையும் குறைக்கும்; அனுமதித்த நிறையை ஒரு இறாத்தல்கூட உயர்த்தாது. அச்சும் சில்லும் ரயரும் பழையவைதானே? ரயரின் பக்கத்தில் 121 என்று சுமைக் குறியீடு இருந்தால், முழுக் காற்றில் ஒரு ரயர் 1,450 கிலோ தாங்கும். பின்னால் இரண்டுக்கும் ஏறத்தாழ 6,390 இறாத்தல். வெறும் வண்டியிலேயே பின் அச்சில் 3,000 இறாத்தல் அளவு இருக்க, காம்பரின் பாரம் கிட்டத்தட்ட முழுவதும் அதே அச்சில் இறங்குகிறது. மிச்சத்தை நீயே கூட்டிப் பார். பெரியப்பாவின் லொறிக்கு முறிகண்டிக்கு அப்பால் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும்.

ஆகவே ராம் 3500 அல்லது ஃபோர்ட் எஃப்-350 வகையைப் பார். நீளப் பெட்டி, எட்டு அடி. அந்தக் காம்பரின் ஈர்ப்பு மையத்தை அதன் பக்கத்தில் அடையாளம் இட்டிருப்பார்கள். ஏற்றிய பிறகு அது பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். குட்டைப் பெட்டியில் அது பின்னுக்குப் போனால், முன் சில்லுகளின் பாரம் குறைந்து, பனியில் சுக்கான் சொல்வதை வண்டி கேட்காது. பின்னால் இரட்டைச் சில்லு உள்ள வகை 5,000 இறாத்தலுக்கு மேல் சுமப்பது சாதாரணம், லெத்பிறிட்ஜ் பக்கத்துக் குறுக்குக் காற்றிலும் அதிகம் அசையாது. கல்கரியில் தரிப்பிடம் தேடுவது தொல்லை, பனிக்கால ரயர் ஆறு வாங்க வேண்டும்; அந்தச் செலவில் பாதியை நான் தருவேன். டீசல் மலை இறக்கத்தில் எஞ்சின் பிறேக்கால் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பெற்றோல் எஞ்சின் பல நூறு இறாத்தல் குறைவு. இந்தப் பெரிய வண்டிகளில் சிலவற்றில் நான் சொன்ன தாள் இருக்காது. அப்போது வெறும் வண்டியின் நிறையை ஸ்கேலில் பார்த்து, அதை அனுமதித்த மொத்த நிறையிலிருந்து கழித்துக்கொள். தாள் இருந்தால் கதவைத் திறந்து அதைத்தான் முதலில் பார். வண்டியின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே 17ஆம் பாதையில் பனிக்காலத்தில் நீ தனியே கல்கரி வரை ஓட்டிப் போனதை இப்போதும் என்னோடு வேலை செய்தவர்களிடம் சொல்கிறேன். அதையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். இந்த முறை அப்படிச் செய்யாதே. காம்பரை ஏற்றியவுடன் உனக்கு வரும் முதல் ஓட்டமே ரோஜர்ஸ் கணவாயும், அதன் பின் 1,627 மீற்றர் உயரத்தில் கிக்கிங் ஹோர்ஸ் கணவாயும். ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து ஏப்ரல் 30 வரை அந்த வழியில் பனிக்கால ரயர் கட்டாயம். மலை ஏறுமுன் பாரவண்டிகள் நிற்கும் இடத்து ஸ்கேலில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்; தண்ணீரும் எரிபொருளும் நிரம்பியிருக்க வேண்டும், வரப் போகிறவர்கள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் பணம் கொடுக்க முன்பு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. கூடவே எத்தனை பேர் என்பதையும் எழுது. ஒருவர்தான் என்றாலும் இரண்டாவது 160ஐ நான் அழிக்கப் போவதில்லை. என் நிறை அதற்குள் அடங்கும், ஆம்ஸ்ட்ரோங்கிலிருந்து கல்கரி வரை பக்கத்து இருக்கையில் நான் வருகிறேன். கெலோனாவுக்கு விமானச் சீட்டு என்ன விலை என்று தம்பி பார்த்து வைத்திருக்கிறான்; திகதியை நீ சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா